சால்வியாவும் ஒட்டுமாங்கன்றும்

வேப்பம்பட்டில் நாங்கள் கட்டிய வீட்டின் கிழக்குப் பக்கம், சுவருக்கும் காம்பவுண்டுக்கும் நடுவே கொஞ்சம் மண் தரை இருக்கிறது. என் மகனின் அறை ஜன்னல் அந்தப் பக்கம்தான். அங்கே என்ன நடுவது என்று நானும் என் மனைவியும் ஒரு வாரம் சண்டை போட்டோம். முப்பத்தைந்து வருடக் குடித்தனத்தில் வேறு எதற்கும் அவ்வளவு நாள் முகம் பார்க்காமல் இருந்ததில்லை.

மகன் அந்த அறைக்குள் போய் அப்போது ஒன்றரை வருடம் ஆகியிருந்தது. ஒரே நாளில் போய்க் கதவைச் சாத்திக்கொண்டான் என்று சொல்ல முடியாது. கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்த்துக்கொண்டிருந்தான். ஆட்களைக் குறைத்தபோது இவனையும் அனுப்பிவிட்டார்கள். முதல் மூன்று மாதம் தினமும் குளித்து, இஸ்திரி போட்ட சட்டை மாட்டிக்கொண்டு இன்டர்வியூவுக்குப் போனான். பிறகு போனில் மட்டும் பேசினான். பிறகு போனும் அடிக்கவில்லை. ஹாலுக்கு வந்து எங்களோடு சாப்பிடுவது நின்றது. சவரம் செய்வது நின்றது. ஒரு நாள், தட்டை அறை வாசலில் வைத்துவிட்டுப் போகச் சொன்னான். அன்றைக்கு மட்டும்தான் என்று நினைத்து வைத்தோம்.

கெஞ்சிக் கூத்தாடி அம்பத்தூரில் ஒரு மனநல டாக்டரிடம் கூட்டிப் போனோம். ரயிலில் தலையை நிமிர்த்தாமலே வந்தான். டாக்டர் இரண்டு மாத்திரை எழுதிக் கொடுத்தார். அவனை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு என்னிடம் ஒரு விஷயம் சொன்னார். மறுநாளே எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு அந்த அறையின் சீலிங் ஃபேனைக் கழற்றச் சொன்னேன்.

"நல்லா ஓடிக்கினு தானே கீது சார்? இன்னாத்துக்கு கயட்ற?" என்றார் அவர்.

சத்தம் போடுகிறது என்றேன். டேபிள் ஃபேன் வாங்கி வைத்தோம். மகன் கட்டிலில் உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தான். ஏன் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவன் கேட்காததுதான் எனக்குப் பயமாக இருந்தது.

பூச்செடி யோசனை மனைவியுடையது. "ஜன்னலத் தொறந்தா எதுக்கால சிமெண்ட் சுவரு. யாருக்குத் தொறக்கத் தோணும்? பூ இருந்தா பாப்பான்" என்றாள். முகப்பேரில் அவள் டீச்சராக இருந்த பள்ளிக்கூடத்தில் கொடிமரத்தைச் சுற்றி சால்வியா வைத்திருந்தார்களாம். கதிர் கதிராக, சிவப்பாக. பார்த்தால் கண்ணை எடுக்கவே முடியாது என்றாள்.

நான் மாமரம் வைக்கலாம் என்றேன். சால்வியா பனிக்காலத்துச் செடி, நம் ஊர் வெயிலுக்கு நாலு மாதம் தாங்காது. மாமரம் என்றால் நிற்கும், நிழல் கொடுக்கும், அணில் வரும், குருவி வரும், தினமும் பார்ப்பதற்கு ஏதாவது இருக்கும். பாடியில் தொழிற்சாலை வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு எனக்கும் கை சும்மா இருந்தது. என் பக்கம் நியாயம் இருப்பதாகத்தான் நினைத்தேன். அவள் கேட்கவில்லை. நானும் விடவில்லை.

கடைசியில் டிசம்பர் மழை ஓய்ந்த ஒரு காலையில், போய்ப் பார்த்துவிட்டு முடிவு செய்வோம் என்று இருவரும் ஸ்கூட்டரில் பூந்தமல்லி சாலையோர நர்சரி ஒன்றுக்குப் போனோம். நர்சரிக்காரர் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்தார்.

"சால்வியாவா? தோ, பூவோட கீது பாருமா. இன்னைக்கு வெச்சா இன்னைக்கே ஷோ. ஆனா பங்குனி வெயிலு வந்தா பூடும். அத்த நான் சொல்லிட்றேன்."

"மாங்கன்னு?" என்று கேட்டேன்.

"ஒட்டு கீது சார். ருமானி, பங்கனபள்ளி, எது ஓணுமோ எடுத்துக்கோ. மூணு வர்சம் வுட்டுப் பாரு, அப்பால ஒன் பேரன் பேத்தி காலம் வரைக்கும் காய்க்கும்."

பேரன் என்றதும் மனைவி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பூவோடு இருந்த சால்வியாப் பைகளில் எட்டு எடுத்து ஓரமாக வைத்தாள். நான் தடுக்கவில்லை.

திரும்பி வரும்போது மடியில் நாலு பையும் என் காலடியில் நாலு பையுமாகப் பின்னால் உட்கார்ந்திருந்தாள். ஆவடி தாண்டிய பிறகு என் காதருகில் குனிந்து கேட்டாள்.

"மூணு வருஷம் கழிச்சும் அவன் அதே ரூம்லதான் இருப்பான்னு நீங்க முடிவே பண்ணிட்டீங்க, இல்ல?"

ஒரு ஷேர் ஆட்டோ ஹாரன் அடித்து ஒதுங்கச் சொன்னது, ஒதுங்கினேன். அப்படியெல்லாம் இல்லை என்று ஒரு பொய்யாவது சொல்லியிருக்கலாம். அவள் சொன்னது உண்மை. எப்போது அப்படி முடிவு செய்தேன் என்று எனக்கே தெரியாது. அந்த ஜன்னலுக்கு வெளியே மரம் வளர்வதை நினைத்தபோதெல்லாம், உள்ளே அவன் தாடியோடு உட்கார்ந்திருப்பதையும் சேர்த்தேதான் நினைத்திருக்கிறேன்.

சால்வியாவை ஜன்னலுக்கு நேராக வரிசையாக வைத்தாள். தினமும் காலையில் தண்ணீர் ஊற்றிவிட்டு, கதவுக்கு வெளியே நின்று, "பூ பாத்தியாப்பா?" என்று கேட்பாள். பதில் வராது. "நல்லா செவப்பா பூத்திருக்குப்பா" என்று அவளே சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போவாள். ராத்திரி சாப்பாட்டுத் தட்டின் ஓரத்தில் இரண்டு மாத்திரைகளை வைப்பாள். தட்டு உள்ளே போகும், காலியாக வெளியே வரும்.

பொங்கல் முடிந்து ஒரு நாள் ஜன்னல் ஒரு கை அகலத்துக்குத் திறந்திருந்தது. அவள் ஓடிவந்து என் கையைப் பிடித்துக் கூட்டிப் போய்க் காட்டினாள். மறுநாளும் திறந்திருந்தது. தங்கச்சிக்குப் போன் போட்டு, "மாத்திரை வேலை செய்யுது, ஜன்னலெல்லாம் தொறக்குறான்" என்று சிரித்துக்கொண்டே சொன்னாள். 'தம்பி இப்ப எங்க வேலை பாக்குது?' என்று ஆட்கள் கேட்கிறார்கள் என்பதற்காக விட்டிருந்த ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்கு மறுபடியும் போனாள். நானும் கூடப் போனேன். தோற்றதில் எனக்குச் சந்தோஷம்தான். மாமரத்தைப் பற்றி அதற்குப் பிறகு நான் வாயே திறக்கவில்லை.

நர்சரிக்காரர் சொன்னபடியே வெயில் ஏறியதும் செடிகள் ஒவ்வொன்றாகக் காய்ந்தன. ஏப்ரலில் அவற்றைப் பிடுங்கப் போனாள். நான் ஹாலில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். வெகு நேரமாகியும் அவள் வரவில்லை என்று போய்ப் பார்த்தேன். மண்ணில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தாள். செடிக்கும் சுவருக்கும் நடுவே, மண் சரியாமலிருக்க வைத்திருந்த செங்கல் இடுக்கில், மாத்திரைகள் கிடந்தன. மஞ்சள் மாத்திரை தோல் உரிந்தும் உரியாமலும் கிடந்தது. வெள்ளை மாத்திரை கரைந்து சுண்ணாம்பு மாதிரி அப்பியிருந்தது. ஜன்னலுக்கு நேர் கீழே. நான்கைந்தைப் பொறுக்கி உள்ளங்கையில் வைத்து என்னிடம் நீட்டினாள்.

அன்று மத்தியானம் நான் அறைக்குள் போனேன். கத்த வேண்டும் என்றுதான் போனேன். கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தான். கால்மாட்டில் உட்கார்ந்தேன்.

"ஏன்டா?"

சுவரைப் பார்த்தபடியே பேசினான். அந்த வருடம் அவன் என்னிடம் பேசிய நீளமான பேச்சு அதுதான்.

"அத முழுங்கினா ஒண்ணுமே தெரியலப்பா. அழுகைகூட வரல. அதான்."

"அம்மாகிட்ட சொல்லியிருக்கலாமே."

"சொன்னா வேற வாங்கிட்டு வருவா." பிறகு, "செடிக்காக நீங்க ரெண்டு பேரும் போட்ட சண்டை எனக்கு எல்லாம் கேட்டுச்சு. இனிமே எனக்காக ஒண்ணும் நடாதீங்கப்பா. எனக்குத் தினமும் பயமா இருந்துச்சு, பாத்தியா பாத்தியான்னு கேக்கறப்ப" என்றான்.

அவன் தோளைத் தொட்டேன். தட்டிவிடவில்லை, திரும்பவும் இல்லை. கொஞ்ச நேரம் இருந்துவிட்டு எழுந்து வந்தேன். கதவருகே மனைவி நின்றுகொண்டிருந்தாள். எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள் என்று முகத்தைப் பார்த்ததும் தெரிந்தது.

டாக்டரிடம் நான் மட்டும் போய்ச் சொன்னேன். அவர் மாத்திரையை மாற்றினார். அவனை நேரில் பார்க்காமல் ரொம்ப நாள் ஓட்ட முடியாது என்றார். கூட்டி வருகிறேன் என்றேன். கூட்டிப் போக இன்னும் முடியவில்லை. புது மாத்திரையை என் முன்னால் விழுங்குகிறான். நாக்கைத் தூக்கிக் காட்டு என்று கேட்க எனக்கு மனம் வரவில்லை.

அந்த ஜூலையில் ஒரு நாள், என்னிடம் சொல்லாமல் மனைவி வெளியே போனாள். மத்தியானம் ஷேர் ஆட்டோவிலிருந்து இறங்கியபோது அவள் கையில் ஒரு ஒட்டுமாங்கன்று இருந்தது. இடுப்பளவு உயரம். வியர்த்து முகமெல்லாம் கறுத்திருந்தது.

"குழி எடுத்துக் குடுங்க" என்றாள்.

"இப்ப எதுக்கு இது?"

"நீங்கதானே கேட்டீங்க."

"வேணாம். நீ சால்வியாவே வாங்கு. டிசம்பர் வரட்டும், நானே கூட்டிட்டுப் போறேன்" என்றேன். அவள் மறுபடியும் சண்டை போட வேண்டும், பூதான் வேண்டும், அடுத்த மாதமே வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்க வேண்டும் என்று தவித்தேன். அவள் என்னைச் சமாதானம் செய்வது போல முதுகில் தட்டினாள்.

"எடுங்கங்க. செடி வாடுது."

கடப்பாரையை எடுத்து வந்து குழி தோண்டினேன். ஜன்னல் சாத்தியிருந்தது. கடப்பாரைச் சத்தம் உள்ளே கேட்டிருக்கும். அவள் கன்றை நிறுத்திப் பிடித்துக்கொள்ள, நான் மண்ணைத் தள்ளினேன். ஜன்னல் பக்கம் அவள் ஒரு தரம்கூடத் திரும்பவில்லை. கை கழுவிக்கொண்டு உள்ளே போய், தட்டில் சோறு போட்டு, அறை வாசலில் வைத்துவிட்டு வந்தாள்.

இது நடந்து இரண்டு வருடம் ஆகிறது. கன்று என் உயரத்துக்கு வந்துவிட்டது. தண்ணீர் நான்தான் ஊற்றுகிறேன். அவள் அந்தப் பக்கம் வருவதில்லை, சர்ச்சுக்கும் போவதில்லை. எங்கள் இருவருக்கும் இப்போது எதற்கும் சண்டை வருவதில்லை. போன வாரம் அவளுடைய தங்கச்சி வந்திருந்தபோது, "மரம் நல்லா வந்திருக்கே மாமா" என்றாள். "ஆமாம்மா" என்றேன்.