எம்.எஸ்ஸி. வகுப்பில் ஒரு பி.எஸ்ஸி. பெண்

போன வாரம் எதிர் ஃப்ளாட் பெண் வந்து உட்கார்ந்தாள். பி.காம். மூன்றாம் வருஷம் படிக்கிறாள்.

"ஆன்ட்டி, எங்க காலேஜ்ல ஒரு ஸ்கீம். பி.காம். படிக்கும்போதே எம்.காம். பேப்பர் ரெண்டு எழுதிக்கலாமாம். அப்புறம் எம்.காம். சேர்ந்தா அந்த கிரெடிட்டைக் கழிச்சுக்குவாங்களாம். புதுசா இருக்கே... ரிஸ்க்கா?"

புதுசா? எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவளுக்கு ஒரு காபி போட்டுக் கொடுத்து ஷமீமின் கதையைச் சொன்னேன். உங்களுக்கும் சொல்லாமல் எப்படி?

அப்போது நான் திண்டுக்கல்லில் எம்.எஸ்ஸி. கணிதம் முதல் வருஷம். எங்கள் கல்லூரியில் கிரெடிட் முறை வந்த புதிது. ஜூன் மாதக் கூட்டத்தில் முதல்வர் புது விதிகளை ஒவ்வொன்றாகச் சொன்னார். நன்றாகப் படிக்கும் பி.எஸ்ஸி. மூன்றாம் வருஷ மாணவர்கள், துறைத் தலைவர் சம்மதித்தால், எம்.எஸ்ஸி. பாடத்தையும் சேர்த்தே படிக்கலாம் என்றார். எல்லோரும் கை தட்டினோம். எதற்குத் தட்டினோம் என்று கேட்டால் யாருக்கும் தெரியாது. ஃபேனுக்கு அடியில் உட்கார்ந்தவர்களுக்குத் தூக்கம், மற்றவர்களுக்குப் புழுக்கம்.

ஒருத்தி மட்டும் காதில் வாங்கியிருந்தாள். அவள்தான் ஷமீம். உள்ளூரிலேயே பேகம்பூர்ப் பெண். அத்தாவுக்கு, அதாவது அவள் அப்பாவுக்கு, தோல் வியாபாரம்.

அவளுக்கு ஒரு சிக்கல் இருந்தது. மாமி மகனோடு அவளுக்கு நிச்சயம் ஆகியிருந்தது. மாப்பிள்ளை துபாயில் வேலை. நினைத்தபோது லீவு கிடைக்காது. அவர் அடுத்து ஊருக்கு வரும்போது நிக்காஹ், கையோடு துபாய். இவள் எம்.எஸ்ஸி. சேர்ந்தால், முடிக்க ஒரு செமஸ்டர் பாக்கி இருக்கும்போது அந்த லீவு வந்துவிடும். 'அரைகுறையா விடுறதுக்கு எதுக்கு எம்.எஸ்ஸி.? பி.எஸ்ஸி. போதும்' என்று வீட்டில் பேச்சு.

'அப்ப கல்யாணம் வேண்டாம்' என்று அழுகிற பெண்களைப் பார்த்திருக்கிறேன். 'அப்ப படிப்பு வேண்டாம்' என்று அடங்கிப்போகிற பெண்களை நிறையவே பார்த்திருக்கிறேன். ஷமீம் இரண்டு கட்சியிலும் சேரவில்லை. இப்போதே சில எம்.எஸ்ஸி. பேப்பரை எழுதி வைத்துவிட்டால் அந்தக் கடைசி செமஸ்டரே மிச்சம் என்று கணக்குப் போட்டாள்.

"எனக்கு மச்சானும் வேணும், எம்.எஸ்ஸி.யும் வேணும்க்கா" என்றாள் பிற்பாடு என்னிடம். வெட்கப்படாமல்!

துறைத் தலைவர் ஸ்டெல்லா மேடம். கண்டிப்பு என்றால் அப்படியொரு கண்டிப்பு. ஷமீம் போய்க் கேட்டதும், "வீட்ல பெரியவங்களைக் கூட்டிட்டு வா" என்று சொல்லிவிட்டார்.

அத்தா வந்த அன்று நான் அசைன்மென்ட் கொடுக்க அந்த அறையில் நின்றுகொண்டிருந்தேன். வெள்ளைச் சட்டை, கையில் மடித்த குடை. மனுஷர் மகளுக்குச் சிபாரிசு செய்ய வரவில்லை. தடுக்கத்தான் வந்திருந்தார்.

"மேடம், ஒரே நேரத்துல ரெண்டு படிப்பு படிக்கிறேங்குது. ஒடம்பு என்னத்துக்கு ஆகும்? வேணாம்னு நீங்களே சொல்லிருங்க. நான் சொன்னா கேக்க மாட்டேங்குது."

"நானும் அதைத்தான் சொல்றேன்" என்றார் மேடம் நிம்மதியாக. "எம்.எஸ்ஸி. பசங்களே திணர்ற பாடம் அது. உங்க பொண்ணால முடியாது."

அவ்வளவுதான். அத்தாவின் முகம் மாறிவிட்டது.

"முடியாதுன்னு எப்டி மேடம் சொல்றீங்க?"

"இல்ல, நீங்கதானே இப்ப..."

"நான் வேணாம்னுதான் சொன்னேன். முடியாதுன்னு சொல்லலையே! அது ஒண்ணாப்புல இருந்து கணக்குல மொத மார்க்கு. எழுதட்டும் மேடம். முடியுதா இல்லையான்னு பாத்துருவோம்!"

ஷமீம் தலையைக் குனிந்துகொண்டாள். சிரிப்பை மறைக்கத்தான்.

மேடம் ஒரு நிபந்தனை போட்டார். முதல் இன்டர்னல் டெஸ்டில் தேறாவிட்டால் விலகிவிட வேண்டும். அத்தா சரி என்றார். ஷமீம் ரொம்பச் சரி என்றாள்.

அடுத்த முட்டுக்கட்டை டைம் டேபிள். அவள் கேட்ட பாடம் டோபாலஜி, வடிவங்களைப் பற்றிய கணக்கு. எங்களுக்கு அந்த வகுப்பு வெள்ளிக்கிழமை மட்டும் கடைசி மணி நேரத்தில். அதே நேரத்தில் அவளுக்கு பி.எஸ்ஸி. வகுப்பு. எங்கள் வகுப்பை வெள்ளி காலை எட்டு மணிக்கு மாற்றினால்தான் அவளால் வர முடியும். "அவங்க எல்லாரும் ஒத்துக்கிட்டா மாத்தறேன்" என்றார் மேடம்.

ஒருநாள் மத்தியானம் எங்கள் வகுப்பு வாசலில் வந்து நின்றாள். ஜூனியர் ஒருத்திக்காக நாங்கள் சீக்கிரம் எழுந்திருக்க வேண்டுமா? எனக்கே எரிச்சலாகத்தான் இருந்தது. பூச்சந்தைக்குப் பேர்போன நிலக்கோட்டையிலிருந்து தினமும் பஸ்ஸில் வரும் சித்ரா வாய்விட்டே கேட்டுவிட்டாள்.

"அம்புட்டுக் காலையில எப்டி வாரது? பஸ்ஸுல பூக்கூடை ஏத்துனது போகத்தேன் மனுசங்களுக்கு எடம்."

"ஆமாக்கா, காலையில நின்னுக்கிட்டுத்தேன் வரணும்" என்றாள் ஷமீம். "ஆனா சாயங்காலம் யோசிச்சுப் பாருங்க. வெள்ளிக்கிழமை காலேஜ் விட்டா ஊரே பஸ் ஸ்டாண்டுல நிக்குது. ஒங்களுக்குக் கடைசி பீரியடு இல்லாட்டி, கூட்டம் வர்றதுக்கு முன்னாடி ஜன்னலோர சீட்டுல உக்காந்து போயிரலாம். ஹாஸ்டல் அக்காங்களும் வெளிச்சத்தோட வீடு போய்ச் சேரலாம்."

இவ்வளவு நாளாக இது எங்கள் யாருக்கும் தோன்றவில்லையே!

'எனக்கு உதவி பண்ணுங்க' என்று கெஞ்சியிருந்தால் பாதிப் பேர் முகத்தைத் திருப்பிக்கொண்டிருப்போம். அவளோ எங்களுக்கு என்ன கிடைக்கும் என்பதை முதலில் யோசித்துவிட்டு வந்திருந்தாள்.

"வரும்போது நின்னுக்கிட்டு வாரேன். போகும்போது உக்காந்துக்கிட்டுப் போறேன்" என்றாள் சித்ரா. தீர்மானம் நிறைவேறியது.

எங்கள் வகுப்பில் ஷமீம் என் பக்கத்தில்தான் உட்கார்ந்தாள். மேடம் சொன்னதில் தப்பில்லை — பாடம் கஷ்டம்தான். இரண்டாவது வாரமே ஷமீமின் முகத்தில் ஒரு திகைப்பு. மூன்றாவது வாரம் நோட்டில் எழுதியதைவிட அடித்தது அதிகம்.

"புரியலையா?" என்றேன்.

"புரியலைன்னு தெரியுதுக்கா. எங்கன இருந்து புரியலைன்னுதேன் தெரியல."

சொல்லும்போது கண் கலங்கிவிட்டது. டெஸ்ட் நெருங்கிக்கொண்டிருந்தது. தேறாவிட்டால் டோபாலஜி மட்டுமா போகும்? எம்.எஸ்ஸி.யே போய்விடும்.

மறுநாளிலிருந்து மத்தியானச் சாப்பாட்டு வேளையில் மூவரும் உட்கார்ந்தோம் — சித்ரா, நான், அவள். முதல் பக்கத்திலிருந்து ஆரம்பித்தோம். அவள் வீட்டு டிபன் பாக்ஸில் தொட்டுக்கொள்ள வரும் வெஞ்சனம் எங்களுக்கு. எங்களுக்குத் தெரிந்த கணக்கு அவளுக்கு.

அங்கேதான் வேடிக்கை. "ஏன்க்கா இப்டி?" என்று அவள் கேட்பாள். நான் வாயைத் திறப்பேன்... பதில் வராது. நோட்ஸை மனப்பாடம் செய்து புரிந்துவிட்டதாக நினைத்துக்கொண்டிருந்த நான், ஒருத்திக்கு விளக்க வேண்டி வந்தபோதுதான் நிஜமாகவே படித்தேன். யார் யாருக்குச் சொல்லிக் கொடுத்தோம் என்று இன்றைக்கும் எனக்குச் சந்தேகம்தான்.

டெஸ்டில் தேறினாள். தட்டுத்தடுமாறி, மயிரிழையில். விடைத்தாளைக் கொடுக்கும்போது ஸ்டெல்லா மேடம், "வெள்ளிக்கிழமை லேட்டா வராதே" என்று மட்டும் சொன்னார். அவர் அகராதியில் அதற்குப் பெயர் பாராட்டு.

செமஸ்டர் பரீட்சையில் இன்னொரு சோதனை. ஒரே நாளில் காலையில் அவளுடைய பி.எஸ்ஸி. பேப்பர், மத்தியானம் டோபாலஜி. காலைப் பரீட்சை முடிந்து வெளியே வந்தாள். கேட்டில் அத்தா இளநீரோடு நின்றார். மகளிடம் பரீட்சையைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. குடித்து முடிக்கும்வரை வெயில் படாமல் குடையைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

ரிசல்ட் வந்தது. டோபாலஜியில் சித்ரா முதல், ஷமீம் இரண்டாவது. நான்? அது எதற்கு இப்போது!

அடுத்த செமஸ்டரிலும் ஒரு எம்.எஸ்ஸி. பேப்பர் எழுதினாள். எம்.எஸ்ஸி. சேர்ந்தபின் செமஸ்டருக்கு ஒரு பேப்பர் கூடுதலாக எடுத்தாள். இரண்டு வருஷப் படிப்பை ஒன்றரை வருஷத்தில் முடித்தும்விட்டாள். அப்போது துபாயிலிருந்து போன் வந்தது. கம்பெனியில் லீவு தரவில்லை. கல்யாணம் ஆறு மாசம் தள்ளிப்போனது.

இத்தனை ஓட்டம் ஓடியது எதற்கு? கேள்விப்பட்டதும் எனக்கு மனசே ஆறவில்லை. போன் போட்டேன்.

"மச்சான் வரலையேன்னு வருத்தந்தேன். ஆனா அந்த ஆறு மாசத்தை மேடம் கேட்டு வாங்கிட்டாங்கக்கா" என்றாள். துறையில் ஒரு டீச்சர் பிரசவ லீவில் போக, அந்த இடத்துக்கு ஸ்டெல்லா மேடம் கூப்பிட்ட முதல் ஆள் ஷமீம். சுடச்சுட எம்.எஸ்ஸி. முடித்த கையோடு லெக்சரர்! பி.எஸ்ஸி. மூன்றாம் வருஷப் பிள்ளைகளில் நாலு பேரை அவளே அழைத்துப் போய் எம்.எஸ்ஸி. வகுப்பில் உட்காரவைத்தாள் என்று பிறகு கேள்விப்பட்டேன்.

கல்யாணத்துக்கு நானும் சித்ராவும் போயிருந்தோம். பிரியாணி வாசனையைத் தாண்டி அத்தாவின் குரல் கேட்டது. மாப்பிள்ளை வீட்டாரிடம் மகளின் படிப்பைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார்.

"சாதாரணக் கணக்கு இல்ல மாப்ள. பி.எஸ்ஸி. படிக்கும்போதே எம்.எஸ்ஸி. பாடத்தைப் பாஸ் பண்ணுச்சு. அதுக்குப் பேரு டபுளாலஜி!"

சித்ரா திருத்துவதற்கு வாயைத் திறந்தாள். நான் அவள் கையை அழுத்தினேன் — அவர் சொன்ன பெயர்தான் சரி.