எட்டுக் குழம்பு பனியன்

கோபம் வந்தால் காந்திமதி புளி கரைப்பாள். அன்று புதன்கிழமை, காலை எட்டு மணிக்குள் இரண்டு குண்டான் கரைத்தாகிவிட்டது. பிதுங்கிய கொட்டைகள் ஒவ்வொன்றாகச் சுவரில் போய் அடித்தன. இலை எடுக்கும் கோவிந்தம்மாள் அடுப்படிப் பக்கமே வரவில்லை. "அக்கா இன்னிக்கு ஒரு மாதிரி இருக்குது. வாயக் குடுத்தா பேஜாராயிடும்" என்று வாசலில் நின்றவர்களிடம் சொல்லி வைத்தாள்.

காந்திமதிக்கு ஒடிசலான உடம்பு, நாற்பது வயது தாண்டிவிட்டது. கிளியனூரில் முதல் பஸ் ஏறி வந்து, திண்டிவனத்தில் அப்பாதுரை மெஸ்ஸின் பின்கட்டுக்குள் நுழைந்தால் பொழுது சாய்ந்துதான் வெளியே வருவாள். எந்தக் குழம்பையும் ருசி பார்க்க மாட்டாள். "கொதிக்கிற சத்தத்துலியே உப்பு தெரிஞ்சிடும். நாக்கு என்னாத்துக்கு?" என்பாள். கோழிக் குழம்புக்கு ஒரு சத்தமாம், குடல் குழம்புக்கு வேறு சத்தமாம். கேட்பவர்களுக்குச் சிரிப்பு வரும். ஒரு கவளம் உள்ளே போனதும் சிரிப்பு நின்றுவிடும்.

மெஸ் திறந்த புதிதில் ஈ ஓட்டிக்கொண்டிருந்தார்கள். ஒரு புதன்கிழமை கறிக்கடை லீவு. தனக்கென்று கொண்டுவந்திருந்த மரக்காணத்துக் கருவாட்டை மூன்று தண்ணீரில் கழுவி, கத்தரிக்காயும் மொச்சையும் போட்டு மண்சட்டியில் குழம்பு வைத்தாள் காந்திமதி. காட்டு வேலைக்குப் போய் வந்த அவள் அம்மாவின் பக்குவம் அது. அடுத்த புதன்கிழமை விழுப்புரத்து லாரி டிரைவர்கள் விசாரித்துக்கொண்டு வந்தார்கள். பிறகு அப்பாதுரை ஈ ஓட்டவே இல்லை, கல்லாவில் உட்கார்ந்து நோகாமல் நுங்கு தின்றார்.

அந்தப் புண்ணியவான் போன மாதம் பாண்டிச்சேரிக்குப் போயிருந்தார். அங்கே வெள்ளைக்காரப் பையன்கள் எழுத்துப் போட்ட பனியனோடு சைக்கிளில் போவதைப் பார்த்து ஆசை வந்துவிட்டது. மெஸ்ஸுக்குப் பத்தாவது வருஷம். வாடிக்கையாளர்களுக்கெல்லாம் பனியன் பரிசு என்று சொல்லிவிட்டார். முந்தின நாள், செவ்வாய்க்கிழமை சாயங்காலம் மூட்டை வந்து இறங்கியது. வெள்ளைப் பனியன், சிவப்பு எழுத்து. முதுகில் 'அப்பாதுரை கைப்பக்குவம்'. நெஞ்சில் வரிசையாக எட்டுக் குழம்புகளின் பெயர். கோழி, ஆடு, தலைக்கறி, குடல், நண்டு, எறா, முட்டை எல்லாம் இருந்தன. அந்த அடுப்பு இதுவரை கண்டேயிராத காஷ்மீர் குருமாகூட இருந்தது.

காந்திமதி எழுத்துக் கூட்டி இரண்டு முறை படித்தாள். கரண்டி பிடிக்கத் தெரியாத கைக்குப் பக்குவம் எங்கிருந்து வந்தது என்று அவள் கேட்கவில்லை. அதைக்கூடப் பொறுத்துக்கொண்டாள்.

"மொதலாளி, கருவாட்டுக் கொழம்ப காணமேங்க?"

"அந்தப் பேர நெஞ்சில போட்டுக்கினு எவன் ரோட்டுல நடப்பான்? பேங்க் மேனேஜருங்கள்லாம் வர்ற எடம் காந்திமதி. ஒரு கௌரவம் வேணாமா?"

"துன்னும்போது அந்தக் கௌரவம் எங்கங்க போவுது?"

அப்பாதுரை காதில் வாங்காமல் பனியனை எண்ணிக்கொண்டிருந்தார். சேரி வீட்டுக் குழம்பு என்று வாய்விட்டுச் சொல்லவில்லை, அவ்வளவுதான். ராத்திரி முழுக்க அவளுக்கு வயிறு எரிந்தது. எரியாமல் என்ன செய்யும்? மெஸ்ஸைத் தூக்கி நிறுத்தியதே அந்தச் சட்டிதான்!

புதன்கிழமை மத்தியானம் கூடம் நிறைந்துவிட்டது. பாதிப் பேர் புதுப் பனியனோடு உட்கார்ந்திருந்தார்கள். அத்தனை பேரும் ஒரே குரலாகக் கேட்டது கருவாட்டுக் குழம்பைத்தான். காஷ்மீர் குருமாவைக் கேட்க ஒரு நாதி இல்லை.

அப்பாதுரையும் பனியன் போட்டிருந்தார். அடுப்படி வாசலில் வந்து நின்று கையைத் தட்டினார்.

"ஜல்தி, ஜல்தி! பத்து எலை காத்துக்கினு கெடக்குது. கருவாட்டுக் கொழம்ப அனுப்பு."

காந்திமதி எழுந்தாள். பத்து வருஷத்தில் அவருக்கு இரண்டடி தள்ளி நின்றே பேசிப் பழகியவள், அன்று நேராகக் கிட்டப் போனாள். கரண்டியின் பின்பக்கம் ஒட்டியிருந்த கருவாட்டுக் குழம்பை ஒற்றை விரலால் வழித்தாள். எட்டாவது பெயருக்குக் கீழே, ஒன்பதாவது பெயர் இருந்திருக்க வேண்டிய இடத்தில், அவர் நெஞ்சுக்குக் குறுக்காக, இந்தக் கடைசியிலிருந்து அந்தக் கடைசிவரை அழுத்தி ஒரு கோடு இழுத்தாள்.