பச்சை வெல்வெட் சோபா

வெள்ளைக்காரர்கள் ஒவ்வொருவராக மூட்டை கட்டிக்கொண்டிருந்த சமயம். துறைமுகத்துத் துரை ஒருவர் கப்பலேறும் முன் பங்களாச் சாமான்களை ஏலம் விட்டார். நானும் போனேன். எனக்குத் துறைமுக ஆபீசில் குமாஸ்தா வேலை. கல்யாணமாகி ஆறு மாதம். கல்மண்டபத்தில் ஒன்றரை அறையில் குடித்தனம். பச்சை வெல்வெட் சோபா ஒன்றை ஏலத்தில் எடுத்து வந்தேன். அது வாசலில் நுழையவில்லை. கதவைக் கழற்றித்தான் உள்ளே கொண்டுபோனோம். அப்போதே எனக்குப் புத்தி வந்திருக்க வேண்டும்.

"இதுல யாரு குந்துறது?" என்றாள் மனைவி. பெரம்பூர் ரயில்வே பட்டறைத் தொழிலாளியின் மகள். எதையும் நேராகக் கேட்டுவிடுவாள்.

"மனுசங்கதான்," என்று எரிந்து விழுந்தேன்.

என் அம்மா காசிமேட்டில் மீன் எடுத்து, கூடையைத் தலையில் சுமந்து தெருத்தெருவாக விற்பவள். அந்தக் கூடைதான் என்னைப் படிக்க வைத்தது. தினமும் காலையில் வியாபாரத்துக்குப் போகிற வழியில் எங்கள் வீட்டுக்குள் வந்து, தரையில் காலை நீட்டி உட்கார்ந்து, காப்பி குடித்துவிட்டுத்தான் போவாள். சோபா வந்த பிறகு வாசற்படியோடு நின்றுகொண்டாள். "துணி மெத்தைப்பா, கவிச்சி ஏறிக்கும்," என்றாள். அவள் காலை நீட்டத் தரையில் இடமும் இல்லை. உள்ளே வா என்று நானும் ஒருமுறைகூடச் சொல்லவில்லை. அவள் வெளியே நிற்பது எனக்கு வசதியாகத்தான் இருந்தது. இன்றைக்கு இதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை எங்கள் ஹெட் கிளார்க் வீட்டுக்கு வந்தார். சோபாவைத் தடவிப் பார்த்து, "துரைவீட்டுச் சாமான் மாதிரி இருக்கே," என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை. அந்த நேரம் பார்த்து அம்மா கூடையோடு வாசலில் வந்து நின்றாள்.

"யாரது?" என்றார் அவர்.

"மீன்காரம்மா, சார்."

என் வாய்தான் சொன்னது. அம்மாவின் காதில் விழாமல் இருக்க வழியே இல்லை, மூன்றடி தூரம். அவள் முகம் மாறவில்லை. கூடையை இறக்கி வைத்து என் மனைவியைப் பார்த்தாள். "சங்கரா சோக்கா கீதும்மா. போணி பண்ணு," என்றாள். மனைவி பாத்திரத்தை நீட்டினாள். அம்மா மீனைப் போட்டாள். மனைவி கொடுத்த காசை முதல் வியாபாரத்துக்குச் செய்கிற மாதிரியே இரண்டு கண்ணிலும் ஒற்றிக்கொண்டு, சுருக்குப்பையில் போட்டு முடிந்தாள். "வர்றேம்மா," என்று கூடையைத் தூக்கிக்கொண்டு போனாள். பெற்ற பிள்ளையின் வாசலில் நின்று அந்தக் காசைக் கண்ணில் ஒற்றினாளே!

அன்றோடு அம்மா எங்கள் தெருப்பக்கமே வருவதை நிறுத்திவிட்டாள். மனைவி நாலு நாள் பொறுத்துப் பார்த்தாள். "எங்கத்த இந்த வூட்டுக்கு வரணும். இல்லேன்னா நீயும் உன் சோபாவும் குடும்பம் நடத்துங்க, நான் பெரம்பூர் போறேன்," என்றாள். மறுநாளே சோபாவைக் கிடைத்த விலைக்குத் தள்ளிவிட்டேன். கதவை மறுபடி கழற்ற வேண்டியிருந்தது.

காசிமேட்டுக்குப் போனேன். அம்மா மீனைக் கூடையில் அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"வூட்டுக்கு வாம்மா."

"வேணாம் நைனா. ஆபீசருங்க வர்ற வூடு. நான் வந்தா உனுக்குத்தான் கஷ்டம்." அவள் குரலில் கோபமே இல்லை. நாலு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை.

"சோபாவ வித்துட்டேம்மா. நீ எதுல குந்துவியோ அத வாங்கப்போறேன். வந்து பாத்துக் குடு."

"நான் இன்னாத்த கண்டேன்?" என்றாள். ஆனாலும் கூடையோடு எழுந்து வந்தாள்.

வண்ணாரப்பேட்டையில் ஒரு பாயின் மரச்சாமான் கடை. நான் முன்னால் நுழைந்தேன், அம்மா பின்னால். பாய் அவளைப் பார்த்து, "இன்னிக்கி மீனு வேணாம்மா, வூட்ல வாங்கிட்டாங்க," என்றார். வம்புக்குச் சொன்னதில்லை, தினமும் சொல்வதுதான். அம்மா சட்டென்று, "சரி பாய், நாளைக்கி வர்றேன்," என்று திரும்பிவிட்டாள். மறுபடியும் என் மானத்தைக் காப்பாற்றுகிறாளாம்.

எட்டி அவள் கையைப் பிடித்தேன். "பாய், இவங்க எங்கம்மா. சாமான் பாக்க வந்துக்குறாங்க." தெருவுக்கே கேட்கிற மாதிரி சொல்லிவிட்டேன் போலிருக்கிறது, பாய் எழுந்தே நின்றுவிட்டார். "தெரியாம சொல்லிட்டேன் தாயி, உள்ள வா," என்றார்.

அம்மா கடை முழுக்கச் சுற்றினாள். கடைசியில் சாய்மானமில்லாத நீள பெஞ்சு ஒன்றைக் காட்டினாள். "இது போதும். தண்ணி ஊத்திக் கழுவிக்கலாம்."

கைவண்டியில் பெஞ்சை ஏற்றினோம். இடம் இருக்கிறதே என்று பாயே சொல்ல, அம்மாவை அதன்மேல் உட்காரவைத்தேன். கூடையை நான் என் தலையில் வைத்துக்கொண்டேன். மீன் தண்ணீர் ஆபீஸ் சட்டையில் வழிந்தது. கல்மண்டபம் முனையில் அம்மாவோடு மீன் விற்கும் பெண்கள் இரண்டு பேர் எங்களைப் பார்த்து வாயைப் பொத்திச் சிரித்தார்கள். "இன்னாடி, ஊர்கோலமா? எங்க போற?" என்றாள் ஒருத்தி.

அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "எம் புள்ள வூட்டுக்குப் போய்கினு கீறேன்," என்றாள்.