எதுவும் வீணாகாத வீடு

முதல் நாள் அவர் முட்டைக்கோஸ் வாங்கி வந்தபோது அது வெறும் முட்டைக்கோஸ்தான். மூன்றாம் நாளும் அதுவே வந்தபோது அவள் கேலி பேசினாள்.

"என்னங்க, மருந்துக்கடையை மூடிட்டு கோஸ் மண்டி திறக்கப் போறீங்களா?"

அவரும் சிரித்தார். ஐந்தாம் நாள், "நேத்தும் இதைத்தானே வாங்கிட்டு வந்தீங்க" என்றாள். இந்த முறை அவர் சிரிக்கவில்லை. கையில் பை தொங்க, இருட்டு அறையில் சுவிட்சைத் தேடுகிறவர் மாதிரி அவள் முகத்தில் எதையோ தேடினார்.

"நேத்தா?" என்றார்.

அந்த ஒரு சொல்லே அவளுக்குப் போதுமாக இருந்தது. "இல்லல்ல, போன வாரம். எனக்குத்தான் நாள் குழம்பிடுச்சு" என்று பையை வாங்கிக்கொண்டாள். அவர் முகத்தில் வெளிச்சம் திரும்பியது. அதைப் பார்த்த பிறகு, உண்மையைச் சொல்லும் தைரியம் அவளை விட்டுப் போயே போய்விட்டது.

தெருமுனையில் ஒரு ஆள் நிற்கிற அளவுக்கு ஒரு ஜெராக்ஸ் கடை அவளுக்கு. அதனால் ஊருக்கே ஜெராக்ஸ் அக்கா. அவர் முப்பத்தோரு வருஷமாக ஒரே மருந்துக்கடையில் கம்பவுண்டர். டாக்டர்கள் கிறுக்குவதைப் படிக்கத் தெரிந்த ஒரே ஆள் என்று பெயர். மாத்திரையை எண்ணி, காகிதக் கவரில் போட்டு, 'காலை 1' என்று முத்து முத்தாக எழுதித் தருவார். வாங்கிப் போகிறவர்கள் கவரைத் திறந்துகூடப் பார்க்கமாட்டார்கள். பிள்ளை குட்டி இல்லாத வீட்டில் அந்த நம்பிக்கைதான் அவர்கள் இருவரும் வளர்த்த பிள்ளை.

கோஸ்தானே என்று அவள் தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். மறதி காய்கறியோடு நிற்கும். மருந்து அவர் கையில் ஊறியது, அதை எந்த மறதியும் தொடாது. டாக்டரிடம் கூட்டிப்போனால் அதற்கு ஒரு பெயர் வைப்பார்கள். பெயர் வைத்துவிட்டால் கடையில் சொல்லியாக வேண்டும். வெள்ளைக் கோட்டைக் கழற்றி மாட்டிவிட்டு வீட்டில் உட்காரும் அவரை அவளால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. இந்த மாசம் போகட்டும் என்றாள். அந்த மாசம் போனது. கோஸ் நிற்கவில்லை.

தினம் ஒரு கோஸ், சில நாள் இரண்டு. இரண்டு பேர் எவ்வளவுதான் தின்ன முடியும்? அழுகியதை முதலில் குப்பையில்தான் போட்டாள். கெட்ட நேரம், குடியிருப்பில் அப்போதுதான் ஈரக்குப்பையை எடை போடும் திட்டம் வந்திருந்தது. குப்பை வண்டிக்காரம்மா கொக்கித் தராசில் வாளியை மாட்டித் தூக்கிப் பார்த்துவிட்டு, நாலு வீட்டுக்குக் கேட்கிற மாதிரி சொன்னாள்.

"ஏன்க்கா, ரெண்டு பேரு இருக்கற வீடா இது? எட்டு பேரு இருக்கற வீட்டுலயே இவ்ளோ வரல. உள்ள யாரையாவது ஒளிச்சு வெச்சிருக்கியா?"

"கெட்டுப் போச்சுங்க."

"தினமுமா கெட்டுப்போவும்?"

வாசல் கேட்டில் ஒட்டிய குப்பை எடைப் பட்டியலில் அவள் வீடு முதலிடத்தில் இருந்தது. யாராவது நின்று யோசித்தால்? ஏன் இவ்வளவு கோஸ் என்று ஒருத்தர் கேட்டால் போதும், நூலைப் பிடித்துக்கொண்டு நேராக மருந்துக்கடைக்குப் போய்விடுவார்கள்.

அன்றிலிருந்து ஒரு இலைகூட வெளியே போகவில்லை. விடிகாலையில், அவர் எழுவதற்குள், முந்தின நாள் கோஸ் உருத்தெரியாமல் ஆகிவிட வேண்டும். கொதிநீரில் அரை நிமிஷம் போட்டு எடுத்து, குளிர்ந்த நீரில் ஆறவிட்டு, பொட்டலம் கட்டி ஃப்ரீசரில் அடுக்கினாள். ஃப்ரீசர் நிறைந்ததும் பொடியாக நறுக்கி உப்புப் பிசிறி ஜாடியில் அழுத்தி வைத்தாள். அது தன் தண்ணீரிலேயே மூழ்கிப் புளித்தது. கெட்டுப்போன ஜெராக்ஸ் தாள்களைக் கடை மாடியில் விரித்து, யார் யாருடைய சான்றிதழ்கள் மேலேயோ கோஸைக் காயவைத்தாள். நடுத்தண்டு சூப்புக்கு. மேல் இலை நாலாம் வீட்டு முயலுக்கு; கடைசியில் அந்த முயலே அவளைக் கண்டால் திரும்பி உட்கார்ந்துகொண்டது. மிச்சத்தை அவள் தின்றாள். ஏப்பம் விட்டால்கூட கோஸ் வாசம். பொட்டலங்களையும் ஜாடிகளையும் அவர் கண்ணில் படுவதற்குள் காலையில் கைப்பையில் எடுத்துப்போய், கடைக்கு வருகிறவர்களுக்கும் டீக்கடைக்கும் கொடுத்துத் தீர்த்துவிட்டு, ஃப்ரிட்ஜை ஈரத்துணியால் துடைத்து வைப்பாள்.

சாயங்காலம் அவர் வந்ததும், "அட, கோஸா! நல்லதாப் பாத்து வாங்கியிருக்கீங்களே" என்பாள். அதுதான் கஷ்டம். நறுக்குவதெல்லாம் ஒன்றுமில்லை.

பட்டியலில் அவள் வீடு சரசரவென்று இறங்கிக் கடைசிக்கு வந்தது. குடியிருப்புச் சங்கச் செயலாளர் ஜெராக்ஸ் கடைக்கே வந்துவிட்டார்.

"அக்கா, ஞாயித்துக்கிழமை ஹால்ல நீங்க பேசணும். எப்படிக் குறைச்சீங்கன்னு நாலு பேரு தெரிஞ்சுக்கட்டும்."

"எனக்குப் பேச வராதுங்க."

"என்னக்கா நீங்க, நாங்கல்லாம் பேசிட்டே இருக்கோம், செய்ய வரல. நீங்க செஞ்சுட்டீங்க, பேச மட்டும் வராதுங்கறீங்க."

மறுத்தால் சந்தேகம் வரும். போனாள். இருபது பெண்கள் பிளாஸ்டிக் நாற்காலிகளில் இருந்தார்கள். முந்தானையைப் பிடித்துக்கொண்டு ஆரம்பித்தாள். "முதல்ல, கடைக்குப் போறதுக்கு முன்னாடி ஃப்ரிட்ஜைத் திறந்து பாருங்க. என்ன இருக்கோ..." அதற்குமேல் வார்த்தை வரவில்லை. அதற்குள் மூன்றாம் மாடி மருமகள் எழுந்து காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டு குறுக்கே புகுந்தாள்.

"அக்காதான் சிக்கனம், வீட்டுக்காரர் தாராளம்! முந்தாநாள் மாமாவோட பிரஷர் மாத்திரைக்கு ஒரு சீட்டுதான் குடுத்தேன். ரெண்டு கவர்ல போட்டுத் தந்தாரு, காசு ஒண்ணுக்குத்தான் வாங்கினாரு!"

எல்லோரும் சிரித்தார்கள். அவள் மட்டும், "ரெண்டையுமா குடுக்கறே?" என்றாள்.

"ரெண்டுலயும் காலைல ஒண்ணுன்னு எழுதியிருக்கே? ஒண்ணு சத்து மாத்திரையா இருக்கும்னு நினைச்சேன். கம்பவுண்டர் சார் குடுத்தா நான் எதுக்குக் கேக்கப்போறேன்?" சிரிப்பு கொஞ்சம் இறங்கியது. "ஆனா மாமாதான் நேத்துலேருந்து எந்திரிச்சா தலை சுத்துதுன்னு படுத்தே கிடக்கறாரு. வயசாயிடுச்சுல்ல."

அவள் பேச்சை அப்படியே விட்டுவிட்டு அந்தப் பெண்ணின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு மூன்று மாடி ஏறினாள். பெரியவர் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். கூப்பிட்டதற்குக் கண்ணைத் திறந்தார். அந்தக் கண்கள் திறந்ததற்கு அவள் யாருக்கெல்லாமோ நன்றி சொன்னாள். பக்கத்துத் தெரு டாக்டருக்கு அங்கிருந்தே ஃபோன் போட வைத்தாள். கவர்களைப் பிரித்துப் பார்த்துவிட்டு, ரெண்டு மாத்திரையும் ஒன்றுதான், இனி எதையும் கொடுக்காதே என்றாள். கவர்கள் இரண்டையும் வாங்கிக்கொண்டு கீழே ஓடினாள்.

அவர் சாப்பாட்டு மேஜையில் இருந்தார். மேஜை மேல், அன்று காலை வாங்கிய கோஸ்.

"நேத்தும் கோஸ் வாங்கினீங்க" என்றாள் மூச்சிரைக்க. "முந்தாநாளும். ரெண்டு மாசமா தினமும் வாங்கறீங்க. உங்களுக்கு மறந்து மறந்து போவுது. இனிமே நீங்க மருந்து குடுக்கக் கூடாது."

அவர் நிதானமாகக் கேட்டார். "ரெண்டு மாசமா தினமுமா? சரி. அதெல்லாம் எங்க?"

அவள் கண் ஃப்ரிட்ஜ் பக்கம் போனது.

"காலைல ஃப்ரிட்ஜைத் திறந்து பாத்தேன். ஒரு இலைகூட இல்ல. இல்லாததாலதான் போய் வாங்கினேன். இதுல மறதி எங்கேர்ந்து வந்துச்சு?"

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. கடையில் எந்த அலமாரி காலியோ அதற்குச் சரக்கு எழுதிப் பழகிய மனுஷன். ஆரம்பத்தில் எப்படியோ, பிறகு அவள் துடைத்துத் துடைத்து வைத்த வெறுமையைப் பார்த்துத்தான் ஒவ்வொரு நாளும் பை எடுத்திருக்கிறார். ஒரே ஒரு நாள், ஒரே ஒரு கோஸை அவள் அங்கே விட்டுவைத்திருந்தால் அவருக்கே தெரிந்திருக்கும். ஃப்ரிட்ஜைத் திறந்தாள். ஃப்ரீசரைத் திறந்தாள். ஜாடியைக் கவிழ்த்துப் பார்த்தாள். சாட்சிக்கு ஒரு நரம்புகூட இல்லை.

"எல்லாத்தையும் நான் இல்லாம பண்ணிட்டேன்" என்றாள். அழுகை முட்டியது. "நீங்க மனசு ஒடிஞ்சு போயிடுவீங்கன்னு."

"கதை விடாதே. யார் சொல்லிக் குடுத்தாங்க இதை? கடை முதலாளியா?" அவர் குரல் உயர்ந்தது. அவரிடம் இதுவரை அவள் கேட்காத குரல் அது. "என்னை வெளிய அனுப்பணும்னு முடிவு பண்ணிட்டீங்களா எல்லாரும் சேர்ந்து?"

அவள் கையிலிருந்த இரண்டு கவர்களையும் கோஸுக்குப் பக்கத்தில் வைத்தாள். "ரெண்டும் மூணாம் மாடிப் பெரியவருக்கு" என்றாள்.

அவருடைய கை தானாக நீண்டு எடுத்தது. கவரைப் பிரித்தார், மாத்திரையை உள்ளங்கையில் உருட்டினார், மற்றதையும் உருட்டினார். முகம் சுளித்தது. "பிரஷர் மாத்திரை. ஒரே ஆளுக்கு ரெண்டு கவரா? எந்த அறிவுகெட்டவன் இதைக்..." என்றபடி எழுத்தைப் படிக்கக் கவரை ஜன்னல் பக்கம் திருப்பினார்.

'காலை 1.' முத்து முத்தாக.

வெகுநேரம் அவர் அதைக் கீழே வைக்கவில்லை. பிறகு, "அவர் இருக்காரா?" என்றார்.

"இருக்காரு. தலை சுத்தலோட படுத்திருக்காரு. டாக்டர் வராரு."

"இவர் ஒருத்தருக்குத்தான்னு என்ன நிச்சயம்?" என்றார். அந்தக் கேள்வியை அவள் தன்னிடம் கேட்டதே இல்லை. இரண்டு மாசமாக அந்தப் பக்கமே அவள் மனம் போனதில்லை, போக விடவில்லை. அவர் எழுந்தார். சட்டைப் பொத்தான் மாறிப் போட்டார். அவள் சரிசெய்யப் போனபோது கையைத் தட்டிவிட்டார். பிறகு நின்று, அவளையே போடவிட்டார்.

ஞாயிறானதால் மூடியிருந்த மருந்துக்கடையை அவரிடமிருந்த சாவியால் திறந்து பில் புத்தகத்தை எடுத்தார்கள். அந்த வாரத்தில் மட்டும் இருநூறு பில்லுக்கு மேல். பாதிக்கு முகவரி இல்லை. ஆனால் பெயரைப் பார்த்ததும் அவருக்கு ஆள் நினைவுக்கு வந்தார். "இவர் தபால் ஆபீஸ் பின்னாடி, நொண்டி நாய் வெச்சிருப்பாரு. இந்தம்மா தண்ணித் தொட்டிக்கு எதிர் வீடு, இருபது வருஷமா சக்கரை." அதெல்லாம் அட்சரம் பிசகாமல் இருந்தது. நேற்றுதான் இல்லை. அவள் பேனாவால் குறித்துக்கொண்டே வந்தாள். முதலாளிக்கு ஃபோன் செய்து அவரே சொன்னார்.

வெயில் உச்சியில் இருந்தபோது தண்ணீர்த் தொட்டிக்கு எதிர் வீட்டுக் கதவைத் தட்டினார்கள். அந்த அம்மாவே திறந்தார்.

"கம்பவுண்டர் சாரா! வாங்க, வாங்க. என்ன இந்நேரத்துல?"

"நேத்து நான் குடுத்த மாத்திரையைக் கொஞ்சம் காட்டுங்கம்மா. தப்பாக் குடுத்திருக்கலாம்."

அந்த அம்மா சிரித்துவிட்டார். "நீங்களா? தப்பாவா? போங்க சார், ஞாயித்துக்கிழமையும் விளையாட்டா? உள்ள வந்து தண்ணி குடிங்க."

"எடுத்துட்டு வாங்கம்மா" என்றார் அவர். உள்ளங்கையை விரித்து நீட்டியிருந்தார். "தயவுசெஞ்சு."

சிரிப்பு அந்த அம்மாவின் முகத்தில் பாதியில் நின்றது. பின்னால் நின்ற ஜெராக்ஸ் அக்காவைப் பார்த்தார். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். அந்த அம்மா உள்ளே போனார். எங்கோ அலமாரி திறக்கிற சத்தமும், தகர டப்பாவின் மூடியை நகத்தால் நெம்புகிற சத்தமும் கேட்டன.