பெத்தேல் நகர் வளைவு

ராஜபாளையத்தில் ரத்தினமும் அவர் மனைவி பரிபூரணமும் சிமெண்ட் கடை வைத்திருந்தார்கள். வீடு கட்டுகிறவர்களுக்கு மூட்டை போட்டுப் போட்டு, நாமே மனை விற்றால் என்ன என்ற ஆசை பரிபூரணத்துக்கு வந்துவிட்டது. எண்பத்தொன்பதில் ஸ்ரீவில்லிபுத்தூர் ரோட்டோரம் ஒரு பருத்திக் காட்டை வாங்கினார்கள். பாதி கடைச் சேமிப்பு, மீதி வட்டிக்கடன்.

மனை பிரித்துக் கல் ஊன்றியதும் மில் வேலைக்காரர்களும் வாத்தியார்களும் அட்வான்ஸோடு வந்தார்கள். பரிபூரணத்துக்குக் கால் தரையில் பாவவில்லை. அந்தப் பணத்தில் கிணறு வெட்டினாள், சரளை அடித்து ரோடு போட்டாள், முகப்பில் பெரிய வளைவு எழுப்பி ‘பெத்தேல் நகர்’ என்று நீல எழுத்தில் எழுத வைத்தாள்.

“ஏட்டி, மொதல்ல அப்ரூவல் வரட்டும். பொறவு வளைவு கட்டலாம்” என்றார் ரத்தினம்.

“வளைவப் பாத்துத்தான் நாலு பேரு வருவாவ. நீங்க செத்த நேரம் சும்மா இருங்க.”

சர்க்கார் ஆபீசுக்கு அனுப்பிய மனைப்படம் அனுமதியில்லாமல் திரும்பி வந்தது. தெருக்களுக்கு அகலம் போதாதாம். அகலப்படுத்தினால் ஒரு வரிசை மனையே போய்விடும். ரோட்டையும் புதிதாகப் போட வேண்டும். படத்தைத் திருத்தி அனுப்பிவிட்டுக் காத்திருந்தார்கள். விற்பனை நின்றது, வட்டி நிற்கவில்லை.

அப்போதுதான் சேத்தூர் மாரிசாமி கடைக்கு வந்தார். மில்லில் வேலை பார்ப்பவர், முதல் ஆளாக அட்வான்ஸ் கொடுத்தவர்.

“அக்கா, மகளுக்குக் கல்யாணம் கூடிருச்சு. மனை இப்பம் வேண்டாம். குடுத்த பணத்தத் தந்தீயன்னா போதும்.”

“அடுத்த வாரம் வாங்க, தாரேன்” என்றாள். கல்லாவில் ஒன்றுமில்லை.

சாயங்காலம் அந்த வளைவுக்கடியில் போய் நின்றாள். மாரிசாமி மகளின் கல்யாணப் பணம் செங்கலும் நீல பெயிண்டுமாக மேலே நின்றுகொண்டிருந்தது. கிரயம் முடிகிறவரைக்கும் அது அட்வான்ஸ் கொடுத்தவன் பணம்தான், தன் பணம் இல்லை என்று அன்றைக்குத்தான் அவள் மண்டையில் ஏறியது. வீட்டுக்கு வந்து ரத்தினத்திடம் எல்லாவற்றையும் சொல்லி அழுதாள்.

அவர் ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை. மறுநாள் கடை லாரியை விற்றுவிட்டு வந்தார். தினமும் தன் கையாலேயே துடைத்து வைத்த வண்டி அது.

“லாரி போனா போகுது. மூட்டைய மாட்டு வண்டியில ஏத்துவோம். அந்த மனுசன் கல்யாணத்த முடிக்கட்டும்.”

மாரிசாமியின் பணத்தைச் சேத்தூருக்கே கொண்டுபோய்க் கொடுத்தார்கள். பிறகு அட்வான்ஸ் கொடுத்த மற்றவர்கள் வீடுகளுக்கும் பரிபூரணம் நடந்தாள். “தாமதமாகும். வேண்டாம்னு நெனச்சா சொல்லுங்க, கொஞ்சங் கொஞ்சமாத் தந்துருதேன்” என்று மறைக்காமல் சொன்னாள். ஒன்றிரண்டு பேர் கேட்டார்கள்; மற்றவர்கள் பொறுத்திருந்தார்கள்.

தொண்ணூற்றொன்றில் அனுமதி வந்தது. மனைகளை விற்று முடித்தபோது வட்டியும் புது ரோட்டுச் செலவும் போக, லாரி வாங்குகிற அளவுக்குக்கூட லாபம் தேறவில்லை.

ஆனாலும் அவள் விடவில்லை. அடுத்து வ. புதுப்பட்டிப் பக்கம் சின்னதாக ஒரு காடு வாங்கினாள். கையில் அனுமதி வந்த பிறகே கல் ஊன்றினாள். அட்வான்ஸைத் தனியாக பேங்கில் போட்டாள். முதல் தெருவை விற்று, அந்தக் காசில் இரண்டாம் தெருவுக்குச் சரளை அடித்தாள். ரோட்டோர மூலை மனைகளை விலை ஏறட்டும் என்று கடைசிவரை கொடுக்கவில்லை.

“இதுக்கு வளைவு வேண்டாமாட்டி?” என்று ரத்தினம் சீண்டினார்.

“வேணும்னா நீங்க முகப்புல போயி கைய விரிச்சிட்டு நில்லுங்க” என்றாள் பரிபூரணம். சிரிப்பை அடக்க முடியாமல் சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டாள்.