கதவு உடைஞ்சு போச்சு

ஒரு ஃபோன் கோலை வேற ஆளிட்ட மாத்திவிட எங்கட கணினியில ரெண்டு பட்டன் இருக்கு. ஒண்டு, அந்தப் பக்கம் ஆர் எடுக்கினம், எடுக்கினமோ எண்டுகூடப் பாராமல் அப்பிடியே தள்ளிவிடுறது. மற்றது, கூப்பிட்ட ஆளை மியூசிக்கில நிப்பாட்டிப்போட்டு, அந்தப் பக்கத்தோட முதல்ல கதைச்சு, பிறகு மாத்திறது. ட்ரெய்னிங்கில ரெண்டாவதைத்தான் பாவிக்கச் சொன்னவை. நான் பாவிச்சது முதலாவது. பொய் சொல்லி என்னத்தைக் காணப்போறன்.

குரோய்டனில ஒரு வீட்டு நிறுவனத்தின்ர மூண்டாம் மாடியில எங்கட கோல் சென்டர் கந்தோர். லண்டன் முழுக்க அவைக்கு வாடகைக்கு விடுற பிளாட் இருக்கு. பைப் ஒழுகினா, ஹீட்டர் நிண்டா, மேல்வீட்டுக்காரன் குதிச்சா சனம் எங்களுக்குத்தான் ஃபோன் எடுக்கும். உன்ர மூஞ்சையை உடைப்பன், வேலை முடிஞ்சு வெளியில வா, ட்ராம் ஸ்டொப்பில நிக்கிறன் எண்டெல்லாம் காலமைத் தேத்தண்ணியோட நான் கேக்கிறனான். ஒருத்தன் சொன்னமாதிரியே ஸ்பானரோட வந்து கீழ்வாசல் கண்ணாடியை நொறுக்கிப்போட்டுப் போனவன். செக்யூரிட்டிக்காரற்ர கையில ஏழு தையல்.

எனக்கு வாய் நீளம். ஆனா ஹெட்செட்டில வாயைத் திறந்தா வேலை போயிடும். அதால என்ர கோவமெல்லாம் அந்த முதலாம் பட்டனிலதான். கத்திக்கொண்டு நிக்கிறவனை ஒரே கிளிக்கில நீள வரிசையின்ர வால்பக்கத்துக்கு அனுப்பிவிடுவன். செவிட்டைப் பொத்தி ஒண்டு குடுத்தமாதிரி ஒரு சுகம். நாள் முழுக்க நான் அப்பிடி ஆக்களுக்கு அடிச்சுக்கொண்டுதான் இருந்தனான்.

என்ர பேருக்குப் பக்கத்தில 'தமிழ்' எண்டு போட்டிருக்கிறபடியால், இங்கிலீசு விளங்காத எங்கட ஆக்கள் வந்தா எனக்குத் தள்ளிவிடுவினம். அப்பிடித்தான் ஒரு பொம்பிளையும் வந்தவ. அப்டன் பார்க் பக்கம் ஒரு பிளாட். இளம் குரல்.

"அக்கா, முன்கதவு உடைஞ்சு போச்சு" எண்டா.

எப்பிடி எண்டு கேட்டன். அது உடைஞ்சு போச்சு அக்கா எண்டு திரும்பவும் அதையே சொன்னா.

எங்கட படிவத்தில ஆர் உடைச்சது எண்டு ஒரு கேள்வி இருக்கு. பழசாகி உடைஞ்சதெண்டா திருத்தவேலைக்காரரிட்டப் போகும். ஒரு ஆள் உடைச்சதெண்டா வேற பகுதி. அங்க ஆறுதலா இருத்திக் கேப்பினம், தேவையெண்டா பொலிசுக்கும் சொல்லுவினம். ஆனா எங்கட ஆக்களின்ர வாயில எல்லாம் தானாத்தானே நடக்கும். கதவு உடைஞ்சு போச்சு, கை முறிஞ்சு போச்சு, பல்லு விழுந்து போச்சு. செய்தவன் அந்தக் கதைக்குள்ள வரவே மாட்டான். நானும் கிண்டேல்ல. 'பழசு' எண்டு அடிச்சு, திருத்த வரிசைக்குத் தள்ளிவிட்டன்.

ஒரு கிழமையால திரும்ப வந்தா. இந்தமுறை குளியலறைக் கதவு. அதுவும் உடைஞ்சு போச்சாம். முன்கதவைத் திருத்த ஆரும் வந்தவையோ எண்டு கேட்டன். வரிசையில நிண்டு நிண்டு, கடைசியில ஒரு வெள்ளைக்காரன் எடுத்து ஏதோ கேட்டவனாம், தனக்கு விளங்கேல்ல, வைச்சிட்டாவாம். கதைக்கேக்க சொல்லுக்குச் சொல்லு காத்துப் போச்சுது. வாயில என்னம்மா எண்டு கேட்டன். முன்பல்லு விழுந்திட்டுதாம்.

அந்த இடத்தில எனக்குத் தெரிஞ்சுபோச்சு. தெரியாது எண்டு நான் ஒருத்தருக்கும் சொல்லேலாது, ஏனெண்டா என்ர பல்லும் அப்பிடித்தான் விழுந்தது. இருபது வருசத்துக்கு முந்தி, விம்பிள்டனில நாங்கள் இருந்த வாடகை அறையில, என்ர மனுசன் என்ர தலைமயிரைப் பிடிச்சு சிங்க் விளிம்பில மோதினவர். சோத்துக்கு உப்புக் கூடிப்போச்சு எண்டு. ரத்தத்தைத் துப்பித் துப்பி, அந்த சிங்கையும் நான்தான் கழுவினனான். பல்லு டொக்டரிட்ட பல்லு உடைஞ்சு போச்சு எண்டு சொன்னனான். அம்மாவுக்கும் அதுதான், தங்கச்சிக்கும் அதுதான். மனுசன் செத்து ஐஞ்சு வருசம். சவப்பெட்டியடியில நிண்டு, தங்கமான மனுசன் எண்டு சனம் சொல்லேக்கையும் நான் வாய் திறக்கேல்ல.

அவ்வளவும் தெரிஞ்ச நான் என்ன செய்தன்? திரையில நேரம் சிவப்பா மாறிக்கொண்டிருந்தது. கோல் நீண்டா எங்களுக்குப் புள்ளி குறையும். அதைவிட, அவவில எனக்கு எரிச்சல் வந்தது. சொல்லித் துலையன், ஏன் என்னட்ட வந்து முணுமுணுக்கிறாய் எண்டு பல்லைக் கடிச்சன். தள்ளிவிட்டன். அதே பட்டன், அதே வரிசை. பாவி நான்.

மூண்டாம் தரம் வந்தது ஒரு வியாழக்கிழமை, பத்தரை மணிபோல. குரல் கிசுகிசுத்தது.

"அக்கா, அறைக்கதவு உடையப்போகுது."

பின்னால தொம், தொம் எண்டு உதை. கட்டிலை இழுத்துக் கதவுக்கு முட்டுக் குடுத்து, ரெண்டு கையாலயும் அதைத் தள்ளிப் பிடிச்சுக்கொண்டு இருக்கிறாவாம். ஃபோன் ஸ்பீக்கரில நிலத்தில கிடக்குதாம். ஒவ்வொரு உதைக்கும் அவவின்ர மூச்சு அறுபடுறது எனக்குக் கேட்டுது.

பொலிசோட முதல்ல கதைச்சுப்போட்டு மாத்துவம் எண்டு, அந்தக் கந்தோருக்குப் போன நாளிலயிருந்து தொடாத ரெண்டாம் பட்டனை அமத்தினன். கோதாரி பிடிச்ச பட்டன். அமத்தின உடன எங்கட மியூசிக் அந்த அறைக்குள்ள அலறத் தொடங்கியிருக்கு. நான் பதறிப்போய்க் கோலைத் திரும்ப எடுத்தா, ஆரோடயடி கதைக்கிறாய் எண்டு கதவுக்கு வெளியில அவன் கத்திறான். அவ ஃபோன் எடுத்தது அதுவரைக்கும் அவனுக்குத் தெரியாது. நான்தான் காட்டிக்குடுத்தனான். உதை ரெண்டு மடங்காச்சு.

பேந்துதான் மூளை வேலை செய்தது. மாத்தத் தேவையில்லை, மூண்டாம் ஆளாச் சேர்க்கலாம். பொலிசை அப்பிடியே கோலுக்குள்ள இழுத்தன். திரையில கிடந்த விலாசத்தை வாசிச்சன். புருசன் கதவை உடைக்கிறான், கொல்லப்போறான், கெதியா வாங்கோ எண்டு இங்கிலீசில சொன்னன். 'ஹஸ்பண்ட்' எண்ட சொல்லு அவவுக்கு விளங்கிட்டுது.

ஐயோ அக்கா, அவரைச் சொல்லாதேங்கோ எண்டு அழத் தொடங்கினா. எனக்கு உச்சியில ஏறிச்சு. கொல்ல வாறவனுக்கு 'அவர்' எண்டு மரியாதை வேற. விசரி எண்டு ஏச வாயெடுக்கிறன், கதவு போயிட்டுது.

அதுக்குப் பிறகு கேட்டதை வடிவா எழுத எனக்கு ஏலாது. கட்டில் இழுபட்டுது. இறைச்சியை அடிச்சுப் பதப்படுத்திற மாதிரி ஒரு சத்தம், திரும்பத் திரும்ப. அவ கத்தேல்ல. அடிக்கொருக்கா ஒரு முனகல் மட்டும். நான் கதிரையைத் தள்ளிப்போட்டு எழும்பி "டேய்" எண்டு கத்தினன். மூண்டாம் மாடி முழுக்கத் திரும்பிப் பாத்தது.

அடி நிண்டுது. ஃபோனை எடுத்து, ஆரடி நீ எண்டான்.

அவன் ஃபோனை வைச்சிருக்கலாம். வைச்சுப்போட்டு, விட்ட இடத்தில துவங்கியிருக்கலாம். ஆனா ஒரு பொம்பிளை தன்னை 'டேய்' எண்டதை அவனால தாங்கேலாமல் போச்சு. அப்பிடி ஒருத்தனோட குடும்பம் நடத்தினவள் நான், எனக்கு அது உடன விளங்கிச்சு. என்னோட சண்டை பிடிக்கிற வரைக்கும் அவளுக்குக் கை ஓங்கமாட்டான். சரி வாடா எண்டு துவங்கினன்.

பொம்பிளைக்கு அடிக்கிற நீ ஒரு ஆம்பிளையோ, வேலைத்தலத்தில மனேச்சருக்கு முன்னால உனக்கு வாய் திறக்குமோ எண்டு கேட்டன். அவன் என்னைப் பச்சைத் தூசணத்தில பேசினான். தேடிவந்து வெட்டுவனெண்டான். வாவன், நானும் கத்தியோடதான் நிப்பன், முதல் வெட்டு என்ரதாத்தான் இருக்கும் எண்டன். இவ்வளவு தூசணம் எனக்குத் தெரியும் எண்டு எனக்கே அண்டைக்குத்தான் தெரியும். என்ர மனுசனுக்குச் சொல்ல வைச்சிருந்ததெல்லாம் அவனுக்குப் போச்சுது. அவன் இளைக்க இளைக்கப் பதில் சொன்னான். நான் மூச்சு விடவும் இடம் குடுக்கேல்ல.

எங்கட சூப்பர்வைசர், நைஜீரிய மனுசி, ஓடிவந்து மாத்திவிடு எண்டு கையால காட்டினா. மாட்டனெண்டு தலையாட்டினன். அவ திரையைக் குனிஞ்சு பாத்து, பொலிஸ் லைனில நிக்கிறதைக் கண்டா. என்ர தோளில கையை வைச்சுக்கொண்டு பக்கத்திலேயே நிண்டா.

நேரம் சிவந்துபோய்ப் பதினொரு நிமிசம் காட்டிச்சு. முன்கதவுதான் திருத்தாமல் கிடந்ததே, பொலிஸ் தள்ளிக்கொண்டு உள்ளுக்கு வந்திட்டினம். பூட்ஸ் சத்தம், ஏதோ விழுந்துது, அவன் நிலத்தில கிடந்து குளறினான். எனக்கு அது கேக்க நல்லாத்தான் இருந்தது.

ஒரு பொலிஸ்காரி ஃபோனை எடுத்தா. மொழிபெயர்க்க ஆள் வரச் சுணங்குமாம், நீ கேட்டுச் சொல்லுவியோ எண்டா. ஓம் எண்டன். அடி வாங்கினவ சொல்லிறதை அவவே கதைக்கிற மாதிரி அப்பிடியே சொல்லவேணுமாம், அதுதான் முறையாம். ஆர் உனக்கு இப்பிடிச் செய்தது எண்டு கேக்கச் சொன்னா. கேட்டன்.

அங்கால மூக்கால ரத்தத்தை உறிஞ்சிற சத்தம் கேட்டுது. விழுந்தனான் எண்டு சொல்லிப்போடுவாவோ எண்டு எனக்குப் பயம். அப்பிடிச் சொன்னா பின்னேரமே அவனை விட்டிடுவினம், அதுக்குப் பிறகு அவவின்ர கோல் எனக்கு வராது. நான் ஏசேல்ல, அவசரப்படுத்தேல்ல. நேரம் போனாப் போகட்டும் எண்டு நிண்டன்.

"அவன்தான் அக்கா" எண்டா. "என்ர மனுசன் எனக்கு அடிச்சவன்."

பொலிஸ்காரி சொன்ன முறைப்படியே நான் அதை இங்கிலீசில சொன்னன். "மை ஹஸ்பண்ட் ஹிட் மீ." சூப்பர்வைசரின்ர கை என்ர தோளில இறுகிச்சு.

இதுதான் முதல் தரமோ எண்டு பொலிஸ்காரி கேட்டா. அதை நான் தமிழில அவவிட்டக் கேட்டிருக்கவேணும். கேக்கேல்ல. என்ர பல்லு விழுந்த இடத்தில நாக்கு முட்ட, இல்லை எண்டு நானே சொல்லிப்போட்டன். கனதரம் எண்டும் சொன்னன்.