பாதிச் சவரத்தில் ஒரு சாட்சி

சட்டக் கல்லூரியின் ஆன்லைன் வகுப்பில் அவளுக்குப் பெயர் 'கூட்டம்'. அதற்குக் காரணம் பேராசிரியர்தான். முதல் நாள் அவள் கேமராவைப் போட்டதும், "ஏம்மா, அங்க என்ன இவ்வளவு கூட்டம்? மத்தவங்கள வெளிய போகச் சொல்லு" என்றார்.

"எல்லாம் நான்தான் சார்."

அப்பாவின் சலூனில் எதிரெதிரே கண்ணாடிகள். அவளுடைய பின்னந்தலைகள் வரிசை கட்டி நின்றன. வகுப்பே விழுந்து விழுந்து சிரித்தது. அவளும் சேர்ந்து சிரித்தாள்.

வீட்டில் சிக்னல் வருவதும் போவதுமாக இருக்கும். கடையில் வாடிக்கையாளர்களுக்காகப் போட்ட வைஃபை உண்டு. ஆகவே மூலை நாற்காலியே அவளுக்குக் கல்லூரி. டிரிம்மர் உறுமும், டிவி அலறும், காத்திருப்பவர்கள் உட்கார்ந்த இடத்திலிருந்தே நாட்டை ஆள்வார்கள். தோழிகள் தனி அறையில் இருந்துகொண்டு கொட்டாவி விட்டார்கள். இந்தச் சந்தைக்கடையில் படித்துப் பழகியவளை நீதிமன்றக் கூச்சலா அசைத்துவிடப் போகிறது? அந்த நினைப்பு அவளுக்கு உண்டு, கொஞ்சம் திமிராகவே உண்டு. இருக்கட்டுமே!

கடைசியாகப் பாக்கி இருந்தது சாட்சியச் சட்டத்தில் வாய்மொழித் தேர்வு. அதில் தேறினால் ஒரு பெண் வக்கீலிடம் ஜூனியராகச் சேரலாம், இடம் தயார். ஆனால் விதி ரொம்பக் கறார். அறையில் வேறு ஆள் இருந்தால் தேர்வே ரத்து. கண்ணாடிகளைக்கூட மூடிவிடச் சொல்லியிருந்தார்கள்.

அன்று காலை, தேர்வு சீக்கிரமே தொடங்கும் என்று திடீரென்று செய்தி வந்தது. அப்பாவுக்குப் போன் போட்டுவிட்டு அவள் கடைக்கு ஓடினாள். அதற்குள் அவர் கண்ணாடிகளையெல்லாம் முடிவெட்டும் துணிகளால் மூடி, டிவியையும் அணைத்திருந்தார்.

"நான் வெளிய காவல் இருக்கேன். ஈ காக்கா உள்ள வராது. நீ போட்டுத் தாக்கு கண்ணு!" என்று ஷட்டரை இறக்கினார். ஏற்கெனவே உள்ளே இருந்த காக்காவைப் பற்றி வாயே திறக்கவில்லை.

லேப்டாப்பில் தேர்வாளர் அம்மா கேள்வி கேட்கக் கேட்க இவள் பட் பட்டென்று சொன்னாள். எல்லாம் நன்றாகத்தான் போனது. தலை அலசும் இடத்துத் திரைக்குப் பின்னாலிருந்து ஒரு தும்மல் வரும்வரை.

"யாரது?"

தெருச் சத்தம் என்று சொல்லிவிட்டால் தப்பிக்கலாம். பொய் நாக்கு நுனிவரை வந்துவிட்டது.

"எனக்கும் தெரியல மேடம். சேர்ந்தே பார்ப்போம்" என்று லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு போய்த் திரையை இழுத்தாள்.

உள்ளே கடையின் பழைய வாடிக்கையாளர், வங்கி மேனேஜர். ஒரு கன்னம் மழமழவென்று இருந்தது. மறு கன்னத்தில் நுரை காய்ந்து அப்பியிருந்தது. அவர் வாயைத் திறக்கப் போனார்.

"பேசாதீங்க அங்கிள்! பேசினீங்கன்னா என் கதை முடிஞ்சுது!"

தேர்வாளர் குரலில் சூடு ஏறியது. "இவர் உங்களுக்குப் பதில் சொல்லித் தரலைன்னு நான் எப்படி நம்பறது?"

"என் பேச்சை நம்ப வேணாம் மேடம், அவர் மூஞ்சியைப் பாருங்க." கேமராவைக் கிட்டே கொண்டுபோனாள். "நுரை ஓடு மாதிரி காஞ்சிருக்கு. வாயைத் திறந்து பேசியிருந்தா உதட்டோரம் உதிர்ந்திருக்கும். மூக்குக்குக் கீழ மட்டும் ஒரு விரிசல், அது இப்பப் போட்ட தும்மல்." கழுத்தில் கட்டியிருந்த துணியைத் தூக்கிக் காட்டினாள். "கை ரெண்டும் காலி, போனும் இல்ல. பாதிச் சவரத்தோட இவரைத் தெருவுக்கு அனுப்ப எங்கப்பாவுக்கு மனசு வரல, அவ்வளவுதான். அப்பவும் சந்தேகம் தீரலைன்னா இவரை அனுப்பிட்டு முதல்லேர்ந்து கேளுங்க. நான் தயார்."

தேர்வாளர் அம்மா வாயைப் பொத்திக்கொண்டார். தோள்கள் குலுங்கின.

"ஒரு சாட்சியத்தை எப்படி ஆராய்வீங்கன்னு கேட்டு முடிக்கலாம்னு இருந்தேன். இனிமே எதுக்கு? பாஸ். முதல்ல அவருக்கு மறு கன்னத்தை முடிச்சு விடச் சொல்லுங்க."

அவள் கூப்பிட்டதும் ஷட்டரைத் தூக்கிய அப்பா, விலகிக் கிடந்த திரையைப் பார்த்ததும் வெலவெலத்துப் போனார். "கெடுத்துட்டேனா கண்ணு?"

"பாஸ்ப்பா!"

"என் மூஞ்சியை வெச்சே உன் பொண்ணு கேஸை ஜெயிச்சுட்டாய்யா!" என்றார் மேனேஜர். அடக்கி வைத்திருந்த பேச்செல்லாம் நுரையோடு தெறித்தது.

அப்பா துணிகளை ஒவ்வொன்றாக உருவினார். கண்ணாடிக்குக் கண்ணாடி மகள் வரிசையாக எழுந்து நின்றாள். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அடேயப்பா, எத்தனை வக்கீல்!" என்றார்.

"ஒருத்தரையும் வெளிய அனுப்பாதீங்கப்பா" என்றாள் அவள். "எல்லாம் நான்தான்."